பாடலின் பிறப்பும் பாடுவோன் பொறுப்பும்

1

தமிழ் வழக்கிலே பாடலின் பிறப்பைக் குறிப்பதற்கு இரு வினைச்சொற்கள் உள்ளன. 'பாட்டு வந்தது' என்று ஒருகால் கூறுகிறோம்; 'பாட்டுக் கட்டினான்' என்று மற்றொருகால் கூறுகிறோம். வருதல் பாடுவோனின் செயலன்று. அவன் அதற்கு இடமாக அமைகிறான். கட்டுதலோ முற்றிலும் அவனது செயல். பூக் கட்டுவோனுக்கும் வீடு கட்டுவோனுக்கும் உரிய கைத்தொழிற் சொல் அது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு சொற்களையும் நம்மவர் தயக்கமின்றி வழங்கி வந்துள்ளனர். ஊர்க்கோயிலிலே உருவந்து ஆடுபவனையும், அவனருகே உடுக்கடித்துக் காவியம் பாடுபவனையும் ஒரே முற்றத்திற் கண்ட சமூகத்திற்கு இம்முரண் முரணாகவே தோன்றியிராது.

ஆயினும் சிந்திப்போர் இதனை அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. பாடல் அருளாற் பிறப்பதா, உழைப்பாற் பிறப்பதா என்னும் வினா மிகப் பழையது. பெரும்பாலும் இதனை உளவியலுக்கோ கலையியலுக்கோ உரிய வினாவாகக் கொள்வர். அதனுள்ளே அறவியல் வினாவொன்று மறைந்து கிடக்கின்றது என்பதே எமது கருத்து. பாடல் தானே வந்ததாயின், அதிலுள்ள பொய்க்கும் குறைக்கும் பொறுப்பு யாருடையது? அதனை நாமே கட்டினோமாயின், நம் செவியிலே பல்லாண்டுகளாகப் பிறர் இட்டுவைத்த இசைக்கும் சொல்லுக்கும் நாம் பட்ட கடன் யாது? இவ்விரு வினாக்களையும் ஒருசேர எதிர்கொள்ளாமல், தமக்கென ஒரு பாடலாக்க முறையை எவரும் நேர்மையாக வகுத்துக்கொள்ள இயலாது. நாடகத்துக்கும் கலைவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் பாட்டுக் கட்டும் மாணவர் நம்மிடையே என்றும் இருந்து வருகின்றனர். அவர்களுக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று.

2

அருட்கொள்கையின் பழைய தருக்கத்தைப் பிளேற்றோவின் 'அயோன்' என்னும் உரையாடலிலே காண்கிறோம். கவிஞன் பாடுவது கலையறிவினால் அன்று, தெய்வ ஆவேசத்தினாலேயே என்று சோக்கிரதீசர் அங்கே வாதிடுகிறார். காந்தக்கல் ஓர் இரும்பு வளையத்தை ஈர்க்க, அவ்வளையம் மற்றொன்றை ஈர்க்க, இவ்வாறு வளையங்கள் சங்கிலியாகத் தொங்குவது போலக் கலைத்தெய்வத்தின் ஆற்றல் கவிஞன் வழியாகப் பாடுநனுக்கும், அவன் வழியாகக் கேட்போனுக்கும் செல்கிறது என்பது அவர் காட்டும் உவமை. மேலோட்டமாக நோக்கின் இது கவிஞனுக்குச் சூட்டிய மகுடம். ஊன்றி நோக்கின், அவனிடமிருந்து அறிவையும் பொறுப்பையும் ஒருங்கே பறித்துவிடும் வாதம். தான் சொல்வது யாதென்று தானே அறியாத ஒருவனைப் பார்த்து, 'ஏன் இவ்வாறு சொன்னாய்?' என்று எவ்வாறு கேட்பது?

இக்கொள்கையிலே உண்மை இல்லையென்று கூறோம். பாட்டுக் கட்டிப் பழகியவர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. மேசையிலே தாளை விரித்து அமர்ந்திருக்கும் வேளையில் ஓர் அடியும் வாராது. கிணற்றடியிலே நீர் அள்ளும்போதோ, பஸ்ஸின் ஓரத்து இருக்கையில் இருக்கும்போதோ ஒரு சொற்றொடர் தன் மெட்டையும் உடன்கொண்டு வந்து நிற்கும். அழையாமல் வந்த அதனைத் தன் திறமையின் விளைவென்று கூற நேர்மையுள்ளவன் கூசுவான். அருட்கொள்கை தரும் நற்பயன் இந்த அடக்கமே.

ஆனால் அடக்கத்தைத் தரவந்த கொள்கை காலப்போக்கிலே புனைகதையாக வீங்கிவிட்டது. மொஸார்ட் எழுதியதாக 1815ஆம் ஆண்டில் ஒரு ஜெர்மன் இசை ஏட்டிலே கடிதமொன்று வெளியாயிற்று. முழு இசையாக்கமும் ஒரே நோக்கிலே மனத்தின்கண் முற்றுப்பெற்று நிற்கும் என்றும், அதனைத் தாளில் இறக்குவது வெறும் படியெடுத்தலே என்றும் அது கூறிற்று. தலைமுறை தலைமுறையாக மேதைமையின் சான்றாக எடுத்தாளப்பட்ட அக்கடிதத்தை ஆய்வாளர் பின்னர் போலியென ஒதுக்கினர். மொஸார்ட்டின் கைப்படியான முன்வரைவுகளும் முற்றுப்பெறாத துண்டுகளும் இன்றும் உள்ளன. கோல்ரிஜ் 'குப்ளா கான்' என்னும் கவிதையை 1816இல் வெளியிட்டபோது, அது உறக்கத்திலே தானே தோன்றியதென்றும், விழித்தெழுந்து எழுதிக்கொண்டிருக்கையில் வந்த ஒருவரால் இடையிலே அறுந்ததென்றும் முன்னுரை வரைந்தார். 1934இல் வெளிவந்த அக்கவிதையின் கையெழுத்துப் படியோ அச்சுப் படியினின்றும் பல இடங்களில் வேறுபடுகின்றது. கனவு தந்ததெனப்பட்ட வரிகளைக் கவிஞரின் கை விழிப்போடு திருத்தியிருக்கிறது. திருத்தியது குற்றமன்று; அது அவரது கடமை. அந்த உழைப்பை மறைத்துக் கனவை மாத்திரம் காட்டும் வழக்கமே, பின்வரும் இளைஞரை 'அருள் வரட்டும்' என்று காத்திருக்கச் செய்து அவர்தம் ஆண்டுகளை வீணாக்குகிறது.

3

உழைப்புக் கொள்கையின் கடைக்கோடியிலே நிற்பவர் எட்கார் அலன் போ. 1845இல் வெளியாகிப் புகழ்பெற்ற தமது 'அண்டங்காகம்' என்னும் கவிதையைத் தாம் எவ்வாறு ஆக்கினார் என்பதை அடுத்த ஆண்டிலே ஒரு கட்டுரையாக எழுதினார். முதலில் விளைவு, பின்னர் நீளம், பின்னர் உணர்ச்சி, பின்னர் மீண்டும் மீண்டும் வரும் ஒரு சொல் என்று, கணக்கொன்றைத் தீர்ப்பது போலப் படிப்படியாகக் கவிதை அமைந்ததாம். தற்செயலுக்கோ உள்ளுணர்வுக்கோ அங்கே இடமிருக்கவில்லையாம். கவிதை முடிந்த பின்னர் எழுதப்பட்ட இவ்விளக்கத்தை அப்படியே நம்புவோர் சிலரே. ஏறி முடித்தவன் மேலிருந்து பார்த்தால் எல்லாப் படிகளும் ஒழுங்காகவே தெரியும்; ஏறும்போது இருள் இருந்தது என்பதை அவன் மறந்துவிடுகிறான்.

நம் தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை 34 ஆக எண்ணி வகுத்துள்ளது. மாத்திரை முதலாக அவை ஒவ்வொன்றையும் கற்கலாம்; கற்பிக்கலாம். ஆயின் உறுப்பெல்லாம் குறைவற அமைந்தும் உயிரில்லாத செய்யுட்கள் எத்தனையோ நம் அச்சகங்களினின்றும் வெளிவந்துள்ளன. கட்டுதல் மட்டும் போதாது என்பதற்கு அவையே சான்று.

இவ்விரு கொள்கைகளுக்கும் இடையிலே வழிகாட்டுவோர் எழுத்தறியாப் பாணரே. மில்மன் பரியும் அவர்தம் மாணவர் அல்பேர்ட் லோர்ட்டும் 1930களில் யூகோசிலாவியாவிலே ஊரூராகச் சென்று வாய்மொழிக் காவியங்களைப் பதிவுசெய்தனர். அங்கே அவ்தோ மெஜெதோவிச் என்னும் இறைச்சிக் கடைக்காரர், எழுதப் படிக்க அறியாதவர், 1935இல் 12,000 அடிகளுக்கும் மேற்பட்ட ஒரு காவியத்தைச் சொல்லிப் பதிவுசெய்வித்தார். அவர் மனப்பாடம் ஒப்புவிக்கவில்லை. பாடப் பாடவே ஆக்கினார். இதனை இயலச்செய்தது யாது? லோர்ட் 1960இல் வெளியிட்ட நூலிலே அதற்குரிய பயிற்சியை மூன்று நிலைகளாக விளக்குகிறார்: முதலிலே நெடுங்காலம் செவிமடுத்தல், அடுத்துத் தயங்கித் தயங்கிப் பாடிப் பழகுதல், இறுதியாகக் குறைகூற வல்ல அவையின் முன்னே முழுப்பாடலையும் பாடுதல். நம் பேராசிரியர் க. கைலாசபதி, சங்கச் செய்யுட்களை இவ்வாய்மொழிக் கோட்பாட்டின் ஒளியிலே ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. தமிழ்ப் பாணர் மரபையும் இவ்வுலகப் பொதுமையிலே வைத்து நோக்க அது வழிசெய்தது.

பாணனின் பயிற்சியிலிருந்து நாம் பெறும் தெளிவு இது: பாடும் கணத்திலே 'வருவது' முன்னர் நெடுங்காலம் கேட்டு உள்ளே சேர்ந்ததேயாகும். களஞ்சியத்திலே நெல் இருந்தாலன்றிப் பானையிலே சோறு பொங்காது. அருள் என்று நாம் வழங்குவதன் பெரும்பகுதி, கேட்டதை மறந்து, கேட்டதன் பயனை மாத்திரம் வைத்திருக்கும் நிலையே. பாரதியார் 'குயிற்பாட்டி'லே, ஏற்றம் இறைப்போரும் நெல்லிடிக்கும் பெண்டிரும் வயலிலும் கும்மியிலும் பாடுவோரும் எழுப்பும் இசையிலே குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்ததாகப் பாடுகிறார். நாட்டுப்புற மெட்டுக்களை அவர் பாடல்களிலே கேட்கும் எவரும் அதனை வெறும் அலங்காரக் கூற்றெனக் கொள்ளார்; அவர் தம் களஞ்சியத்தின் கணக்கையே அங்கே வெளிப்படுத்தினார்.

4

வருவதெல்லாம் முன்பு கேட்டதேயாயின், வந்தது எவருடையது என்ற வினா உடனே எழுகின்றது. இதற்கு அண்மைக்கால இசையுலகிலேயே, ஒரே குழுவைச் சேர்ந்த இருவரின் வரலாற்றிலே, அரிய எடுத்துக்காட்டு உள்ளது.

பீற்றில்ஸ் குழுவினரான போல் மக்கார்ட்னிக்கு ஒருநாட் காலையிலே, உறக்கத்தினின்றும் எழும்போது ஒரு மெட்டு முழுமையாக நினைவில் நின்றது. 1965இல் வெளியாகி உலகெங்கும் பாடப்பட்ட 'யெஸ்ரர்டே' என்னும் பாடலின் மெட்டே அது. அருள் வந்ததென்று மகிழ்ந்து அவர் உடனே அதனைத் தமதாக்கிக்கொள்ளவில்லை. இவ்வளவு எளிதாக வந்த மெட்டு எங்கோ தாம் கேட்ட பிறர் மெட்டாக இருக்குமோ என அஞ்சி, இசையறிந்தோர் பலரிடமும் அதனைப் பாடிக்காட்டி, இதை எங்கேனும் கேட்டதுண்டா என்று வாரக்கணக்கிலே வினவினார். எவரும் உரிமை கோராத பின்னரே தமதென ஏற்றார். அதன் பின்னும், காலை உணவுக்குரிய ஒரு முட்டைப் பண்டத்தின் பெயரை இடத்தை நிரப்பும் சொல்லாக வைத்துக்கொண்டு, உரிய சொல் அமையும்வரை பொறுத்திருந்தார்.

அதே குழுவினரான ஜோர்ஜ் ஹரிசன் 1970இலே 'மை ஸ்வீற் லோர்ட்' என்ற பக்திப் பாடலை வெளியிட்டார். 1963இலே அமெரிக்கப் பெண்கள் குழுவொன்று பாடிப் புகழ்பெற்ற பாடலொன்றின் மெட்டை அது ஒத்திருந்ததென வழக்குத் தொடரப்பட்டது. 1976இலே தீர்ப்பளித்த நீதிபதி, ஹரிசன் அறிந்து திருடவில்லை, அவரது அடிமனமே அம்மெட்டை அவருக்குக் கொடுத்தது என்று கண்டார். எனினும் பொறுப்பு அவருடையதே என்று தீர்த்தார்.

இத்தீர்ப்பின் சட்ட நுணுக்கங்கள் நமக்கு வேண்டுவனவல்ல. அதிலுள்ள அறநெறி சிந்திக்கத்தக்கது. அறியாமற் செய்தது குற்றத்தைக் குறைக்கும், பொறுப்பை நீக்காது. இருவருக்கும் வந்தது ஒரே வழியாலேயே வந்தது. இருவரும் உண்மையாகவே அதனைப் பெற்றனர். வேறுபாடு வந்த பின்னர் நிகழ்ந்ததிலேதான் உள்ளது. மக்கார்ட்னி வினவினார். வினவுதல் அருளை அவமதிப்பதாகாது. தெருவிலே கிடந்து எடுத்த நகையை, 'இது யாருடையது?' என்று நாலு பேரிடம் கேட்பவனை எவரும் நன்றிகெட்டவன் என்று சொல்வதில்லை.

5

மெட்டுக் கடனுக்கு நீதிமன்றம் உண்டு. வேறொரு கடன் உண்டு. அதற்கு நீதிமன்றம் இல்லை. அது பிறர் வாழ்விலிருந்தும் துயரிலிருந்தும் நாம் பெறும் கடன்.

பாடலுக்கும் ஏனைய எழுத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உள்ளது. கவிதையிலே 'நான்' என்று வருவதை வாசகன் கவிஞனின் 'நான்' எனவே கொள்வான். பாடலிலே வரும் 'நான்' பாடுபவர் எவரோ அவருக்குரியதாகிவிடும். ஆதலாற் பாட்டுக் கட்டுபவன் பிறர் வாயிலே சொல்லை வைக்கிறான். அச்சொல் பொய்யாயின், பாடும் ஒவ்வொருவரையும் அவன் பொய் பேசச் செய்தவனாகிறான். ஒடுக்கப்பட்டோரின் குரலாகப் பாடப் புகுவோனுக்கு இப்பொறுப்பு இரட்டிப்பாகின்றது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இங்கே கருதலாம். பெரியபுராணத்திலே இல்லாத வேதியர் என்னும் நிலக்கிழாரை அவர் புகுத்தினார். 19ஆம் நூற்றாண்டின் தஞ்சை வயல்களிலே அவர் கண்ட அடிமைநிலை அப்பாத்திரத்தின் வழியாகக் காவியத்தினுள்ளே நுழைந்தது. அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் சென்றதையும், இலக்கணப் பிழைகளையும் புராணத்துக்கு மாறான அமைப்பையும் எண்ணிப் பிள்ளையவர்கள் தயங்கியதையும், பின்னொருநாள் பாரதியார் தம் கீர்த்தனையைப் பாடக் கேட்டு உருகி இசைந்ததையும் உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். ஏட்டிலே பிழையாகத் தெரிந்தது செவியிலே உண்மையாக ஒலித்தது. ஆயினும் விடயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. நந்தன் பணிந்து கேட்டே விடுதலை பெறவேண்டுமா, தீயிலே மூழ்கித்தான் தூய்மை பெறவேண்டுமா என்ற வினாவைப் பிற்காலத்தார் எழுப்பினர். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' 1978இலே அவ்வரலாற்றை எதிர்நிலையினின்று மீண்டும் நோக்கிற்று. பாரதியாரின் பரிவு உண்மையானது. ஆனால் நந்தனின் குலத்தவர் அப்பாடலைத் தம் பாடலாக ஏற்பரா என்ற கேள்விக்குப் பரிவு மட்டும் விடையாகாது.

நம் நாட்டிலே இக்கேள்வி மலையகத்தைப் பற்றி எழுகின்றது. தோட்டத் தொழிலாளர் தம் பயணத் துன்பத்தையும், கங்காணியின் கொடுமையையும், பிரிவையும், இடையிடையே எள்ளலையும் தம் வாயாலேயே பாடினர், சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் திரட்டித் தந்தனர். அப்பாடல்களிலே கண்ணீர் உண்டு. அதனினும் மிகுதியாகக் கூர்மையான நகையும், கூலிக் கணக்கும், ஆட்களைப் பெயர் சுட்டி ஏசுதலும் உண்டு. சமவெளியிலிருந்து அனுதாபத்தோடு மலையகத்தைப் பாட வந்தோர் பலரின் பாடல்களிலோ கொழுந்துக் கூடையும் பனியும் கண்ணீரும் மாத்திரமே மிஞ்சின. உண்மையான துயரிலே இருப்பவன் தன் துயரைப் பற்றி மட்டும் பாடிக்கொண்டிருப்பதில்லை என்பதை அவர்கள் கேட்டறியவில்லை. கேளாமற் பாடியதே குறை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தன் அநுபவத்தை மட்டுமே பாடவேண்டுமெனின் ஆண் பெண்ணின் குரலிலே பாடும் அகமரபே தகர்ந்துவிடுமன்றோ? அவ்வாறு நாம் கூறவில்லை. பிறர் குரலிலே பாடுதல் கலையின் உயிர். அதனைத் தடுத்தால் ஒவ்வொருவரும் தத்தம் அறைக்குள்ளே முனகுவதே எஞ்சும். பிறர் குரலிலே பாடும் உரிமை பிறப்பாலோ பரிவாலோ தானே கிடைத்துவிடுவதில்லை. செவிமடுத்த அளவுக்கே கிடைக்கும் என்பதே எமது கூற்று. சங்கப் புலவன் தோழியின் குரலைப் பெற்றதும், பாணன் வீரனின் குரலைப் பெற்றதும் அவ்வாறே.

6

இதுவரை கூறியவற்றினின்றும் பாடலாக்க முறை பற்றிச் சில தெளிவுகள் பெறப்படுகின்றன. முறை என்பது ஆளுக்காள் வேறுபடும். வேர்ட்ஸ்வேர்த் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிக் கவிதை ஆக்கினார். அருணகிரிநாதரின் திருப்புகழிலே சந்தமே முன்னின்று சொல்லை இழுத்துச் செல்வதைக் கேட்கிறோம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்திலே காவடி சுமந்து செல்வோரின் காலடி ஒலிக்கின்றது. திரைப்படப் பாடலாசிரியர் பலர் இசையமைப்பாளர் தந்த மெட்டுக்கே சொல் நிரப்பினர். மெட்டு முந்தியா, சொல் முந்தியா, காலையா, இரவா என்பன அவரவர் உடலும் தொழிலும் தீர்மானிப்பவை. அவற்றிலே ஒருவரைப் பார்த்து மற்றவர் ஒழுகுதல் பயனற்றது.

ஆயின் எம்முறைக்கும் பொதுவான நான்கு செயல்கள் உள்ளன. முதலாவது, கேட்டல்: பாடலை மட்டுமன்றி, சந்தையிலும் வயலிலும் மரண வீட்டிலும் மக்கள் பேசும் ஓசையையும் கேட்டல், வந்த அடியை மறக்குமுன் குறித்துக்கொள்ளல். இரண்டாவது, அமர்தல்: அருள் வந்தாலும் வாராவிட்டாலும் குறித்த வேளையிலே வேலைக்கு அமர்தல். வராத நாளிலும் அமர்ந்தவனுக்கே, வந்த நாளிலே அதனை ஏந்துவதற்குரிய கை இருக்கும். மூன்றாவது, வினவுதல்: இது யாருடையது, இதனை முன்னர் எங்கே கேட்டேன், இச்சொல் என்னுடையதா, ஊரார் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறேனா என்று வினவுதல். நான்காவது, ஒப்படைத்தல்: பாடலை வேறொருவர் வாயிலே கொடுத்துப் பாடச்செய்து, அவர் எங்கே தடுமாறுகிறார், எவ்வடியை விட்டுவிடுகிறார், எச்சொல்லைத் தாமாக மாற்றுகிறார் என்று கூர்ந்து நோக்குதல். மட்டக்களப்பு வயற்காவற் பரண்களிலே பாடப்பட்ட கவிகளுக்கு ஆசிரியர் பெயரில்லை. பொய்யான அடியை அடுத்த பாடுநன் மறந்துவிட, உண்மையான அடி நிலைத்திருக்க, ஊரே அவற்றைத் திருத்திற்று. தனியொருவனாகப் பாட்டுக் கட்டுபவன் அவ்வூரின் வேலையைத் தன் அறையிலே தானே செய்யவேண்டியவனாகிறான்.

இவ்வளவு விழிப்பு ஊற்றை அடைத்துவிடாதோ என அஞ்சுவோர் உளர். பாடல் பிறக்கும் கணத்திலே விழிப்பு வேண்டியதில்லை. வந்ததை வந்தவாறே ஏற்றுக்கொள்க. விழிப்புக்குரிய காலம் அடுத்த நாட் காலையிலே தொடங்குகின்றது. கிணறு வெட்டியவன் ஊற்றைப் படைக்கவில்லை. ஆனால் கிணற்றைத் தூர்வாருவதும், கட்டுக் கட்டுவதும், எவரும் இறைத்துக் குடிக்கத் தக்கதாக நீரைக் காப்பதும் அவனுடைய வேலை.

'பாட்டு வந்தது' என்பது உண்மை. அதனைச் சொல்பவன் நன்றியுடையவன். 'பாட்டுக் கட்டினேன்' என்பதும் உண்மை. அதனைச் சொல்பவன் பொறுப்பை ஏற்றவன். முதற்சொல்லை மட்டும் சொல்பவன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறான். இரண்டாவதை மட்டும் சொல்பவன் கடனை மறுக்கிறான். நம் மொழி இரண்டையும் அருகருகே வைத்து வழங்கியதிலே ஓர் அறம் இருக்கின்றது. பாட்டுக் கட்டும் இளைஞர் அவ்விரண்டையும் ஒருங்கே சொல்லப் பழகுவாராக.